பிரியாமலே கேட்கலாம்: குடும்ப வன்முறைச் சட்டம் தரும் பாதுகாப்பு

குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. நீதிமன்ற வட்டாரத்தில் சுருக்கமாக டி.ஐ.ஆர். என்பார்கள். தெரிந்த அக்கா ஒருவர் அதை நிரப்பப் போன நாளில் துணைக்குப் போயிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டார். அடித்தாரா? காயம் ஏதாவது உண்டா? "அதெல்லாம் இல்லம்மா" என்றே அக்கா சொல்லி வந்தார். பேனா கொஞ்சம் கீழே இறங்கியது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வாரா? அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இதெல்லாமா இதுல வரும்?"

வரும். நகையைச் சொல்லாமல் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, இன்னாரைப் பார்க்கக் கூடாது என்பது, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவது, செத்துப்போய்விடுவேன் என்று மிரட்டுவது எல்லாமே அந்தப் படிவத்தில் அச்சடித்த வரிகளாக இருக்கின்றன. பாதிக்கு மேல் அக்கா தலையாட்டினார். பதினோரு வருடமாக அவர் "வீட்டுப் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அரசாங்கத் தாளில் வேறு பெயர் இருந்தது.

இந்தப் படிவம் பிறந்தது 'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005' என்ற சட்டத்தின் கீழ். நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26 அன்று. இவ்வளவு காலம் ஆகியும், "கேஸ் கொடுப்பது" என்றாலே நம் மனதில் ஓடுவது ஒரே காட்சிதான்: ஸ்டேஷன், கைது, ஜெயில், அதோடு கல்யாணம் முடிந்தது. அந்தப் பயத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. ஆனால் இந்தச் சட்டம் கணவனை உள்ளே தள்ளுவதற்காக எழுதப்பட்டதில்லை. பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று இன்னும் முடிவு செய்யாத பெண்ணுக்கும் இது பொருந்தும். விவாகரத்து கேட்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியேற வேண்டாம். முதல் கட்டத்தில் யாரும் கைதாகவும் மாட்டார்கள்.

ஏன் தனியாக இப்படி ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். வரதட்சணைக் கொடுமையும் 'ஸ்டவ் வெடித்த' சாவுகளும் நாட்டை உலுக்கிய காலத்தில், 1983ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனோ அவன் உறவினர்களோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. 1986ல் வரதட்சணைச் சாவுக்கு 304பி வந்தது. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 80 என்ற எண்களில் இருக்கின்றன. இரண்டும் தேவையான பிரிவுகள்தான். ஆனால் அவை செய்தவனைத் தண்டிக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது, பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவது, பீரோவில் மாட்டிக்கொண்ட நகை எப்படித் திரும்பி வரும் என்ற கேள்விகளுக்குக் குற்றவியல் சட்டத்திடம் பதில் இல்லை.

2002ல் அன்றைய மத்திய அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அதைப் படித்த பெண்கள் அமைப்புகள் கொதித்துப்போயின. "வழக்கமாக" தாக்கினால்தான் வன்முறை என்றது அது. தன்னையோ தன் சொத்தையோ காப்பாற்றிக்கொள்ள நியாயமாகச் செய்த காரியம் என்றால் அது வன்முறை ஆகாது என்று விதிவிலக்கும் வைத்தது. மாதம் ஒரு முறை அடித்தால் 'வழக்கம்' கணக்கில் வருமா, வருடத்துக்கு இரண்டு என்றால் விட்டுவிடலாமா? அந்த மசோதா நிறைவேறவில்லை. இந்திரா ஜெய்சிங் தலைமையில் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு தயாரித்த வரைவின் சாயல்தான் 2005 சட்டத்தில் தெரிகிறது. 'வழக்கமாக' என்ற நிபந்தனை அதில் இல்லை.

புதிய சட்டம் வன்முறையை நான்கு வகையாகப் பார்க்கிறது. உடல், பாலியல், சொல்லாலும் மனதாலும் துன்புறுத்துவது, பணத்தால் நெருக்குவது. யாரெல்லாம் கேட்கலாம் என்பதிலும் கை தாராளம். மனைவி மட்டுமல்ல, மகள், தாய், சகோதரி, கூட்டுக் குடும்பத்தில் வாழும் விதவை, தாலி கட்டாமல் திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்த பெண், எல்லோருக்கும் இடம் உண்டு. தம்பி அடிக்கிறான் என்று அக்காவும், மகன் சோறு போடாமல் துரத்துகிறான் என்று அம்மாவும் மனு போடலாம். முதலில் எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று வாசகம் இருந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டது.

வீடு யாருடையது?

சட்டத்தின் உயிர்நாடி என்று கேட்டால் நான் 17ஆம் பிரிவைச் சொல்வேன். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு, வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது இரண்டாம் கேள்வி.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2006 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதில் ஓட்டை போட்டது. வீடு மாமியார் பெயரில் இருந்தால் மருமகள் அதில் உரிமை கேட்க முடியாது என்றது அது. அதாவது கணவனின் சொந்த வீடாக, அவன் வாடகைக்கு எடுத்த வீடாக, அல்லது அவனுக்குப் பங்குள்ள கூட்டுக் குடும்ப வீடாக இருக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை வீடு கல்யாணமான மகன் பெயரில் இருக்கிறது? "இது எங்க அப்பா வீடு, நீ யாரு?" என்ற ஒரு வரியில் பல மனுக்கள் அடிபட்டுப் போயின. பதினான்கு வருடம் கழித்து, 2020 அக்டோபரில், அதே உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறு என்று சொன்னது. மாமனார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும், நிலையாகக் குடும்பம் நடத்திய வீடு என்றால் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

அடுத்து இன்னொரு வழி கிளம்பியது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. நல்ல சட்டம். ஆனால் மாமனார் மாமியார் பெயரில் அங்கே மனு கொடுத்து மருமகளை வெளியேற்றும் பழக்கம் தொடங்கியது, பின்னால் இருந்து எழுதிக் கொடுத்தது சில சமயம் கணவனேதான். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கும் அணை போட்டது. ஒரு சட்டத்தை வைத்து இன்னொரு சட்டம் தந்த குடியிருப்பு உரிமையை அப்படியே துடைத்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது குடியிருக்கும் உரிமை. சொத்தில் பங்கு கிடையாது. வீட்டை விற்கவோ பிரிக்கவோ இதை வைத்துக் கேட்க முடியாது. ஆனால் பூட்டைப் போட்டுத் தெருவில் நிறுத்தாமல் தடுக்கலாம். தேவைப்பட்டால் வன்முறை செய்தவரை வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லியும் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிட முடியும், பெண்ணாக இருக்கும் உறவினரை மட்டும் அப்படி வெளியேற்ற முடியாது. ஒரே கூரையின் கீழ் முடியாது என்ற நிலை வந்தால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லையென்றால் வாடகையைக் கொடு என்றும் கேட்கலாம்.

கதவு எது?

நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் நேரடியாக மனு கொடுக்கலாம். வக்கீல் இல்லாமல், மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் அவர் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். டி.ஐ.ஆர். எழுதுவது, மனு தயாரிப்பது, காப்பகத்திலோ மருத்துவமனையிலோ சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. தாய்வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், கணவன் ஊருக்கு அலைய வேண்டாம். வருடம் ஓடிப்போயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். ஓராண்டுக் காலக்கெடு இந்த மனுவுக்குப் பொருந்தாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181. இது பெண்களுக்கான உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்ற கவலைக்கு 15100, சட்டப்பணிகள் ஆணையத்தின் எண். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு, வருமானக் கணக்கு பார்க்க மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாது. நல்ல சம்பளம் வாங்கும் பெண், ஆனால் ஏ.டி.எம். கார்டு கணவன் கையில் என்றால், அவருக்கும் இது பொருந்தும். அப்புறம் 2015ல் தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள். ஐந்து நாள் வரை தங்க இடம், சிகிச்சை, ஆலோசனை, போலீஸ், வக்கீல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது அவற்றின் திட்டம்.

மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறந்ததிலிருந்து தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பழக்கமான வாசல் அதுதான். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்த தேதிக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி. 2005 சட்டத்தில் உங்களுக்கு என்னென்ன உரிமை, பாதுகாப்பு அலுவலர் யார், இலவச வக்கீல் எங்கே என்பதைச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பது என்னவோ பெரும்பாலும் கவுன்சலிங்தான். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். அவனை எதிரே வைத்துக்கொண்டு "என்னம்மா பிரச்சினை, சொல்லு" என்றால் எந்தப் பெண் முழுதாகச் சொல்வாள்? ராத்திரி அவனோடுதானே வீட்டுக்குப் போக வேண்டும்? எழுதிக் கொடுத்த அந்தத் தாளை மீறினால் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. நடுவர் போட்ட பாதுகாப்பு உத்தரவு அப்படியில்லை. அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். மீறியதற்கு அந்தப் பெண்ணின் வாக்குமூலம் ஒன்றே போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்யவும் இடம் இருக்கிறது. கைது என்ற சொல் இந்தச் சட்டத்துக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. நிஜத்தில் மாதங்கள் ஓடும், வருடமும் ஆகும். பல இடங்களில் ஒரு மாவட்டத்துக்கே ஒரு பாதுகாப்பு அலுவலர்தான் இருக்கிறார். ஆகவே 23ஆம் பிரிவை மறக்கக் கூடாது. அவசரம் என்று பிரமாணப் பத்திரத்தோடு கேட்டால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே நடுவர் இடைக்கால உத்தரவு போடலாம். வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்: "இடைக்கால மனுவும் சேர்த்துப் போடுறீங்களா?" மாதச் செலவு, குழந்தை யாரிடம் இருப்பது, நகையைத் திருப்பித் தருவது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு செய்யாமல் இருப்பது என எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

சாட்சி பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காயத்தோடு மருத்துவமனைக்குப் போனால், எப்படி ஆச்சு என்று கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். கணவன் பக்கத்திலேயே நிற்பான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவோம். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்த ஏ.ஆர். காப்பியை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவார். எக்ஸ்ரே எடுக்கப் போகும்போதோ, ஊசி போடும்போதோ ஒரு நிமிடம் தனிமை கிடைக்கும். அந்த நர்ஸிடம் உண்மையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

சமையலறைக்குள் போகாதே

சட்டத்தோடு வந்த 2006ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாம் எண் படிவம் ஒன்று இருக்கிறது, 'பாதுகாப்புத் திட்டம்' என்று பெயர். என்ன வன்முறை நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று பயப்படுகிறாள், அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பத்தி பத்தியாக எழுத வேண்டிய படிவம். அதை அலுவலரோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்பதில்லை. மனதுக்குள்ளும் எழுதிக்கொள்ளலாம்.

சண்டை மூளும்போது கால் தானாகச் சமையலறைக்குப் போகும், கையில் வேலை இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று. அங்கேதான் கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கின்றன. வெளிக்கதவு இருக்கும் அறைக்கு நகர்வது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், நகை ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலும் கொஞ்சம் ரொக்கமும் நம்பகமான ஒருவர் வீட்டில் இருக்கட்டும். 181ஐ அழைக்க வேறொருவர் போன் பாதுகாப்பானது. உங்கள் போனைக் கணவர் பார்ப்பார் என்றால் அழைத்த பட்டியலை அழித்துவிடுங்கள். மிரட்டல் மெசேஜ்களை மட்டும் அழிக்க வேண்டாம், தோழி ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவோடு ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்வதும் உண்டு. "தயிர் இருக்கா?" என்று போன் வந்தால் காலிங் பெல்லை அடி என்று அர்த்தம்.

பிரியப் போகிறேன் என்று அவரிடம் சொல்லும் நேரமும், பிரிந்த முதல் சில மாதங்களும்தான் மிக ஆபத்தானவை என்று உலகம் முழுக்க இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். கோபத்தில் "நாளைக்கே போறேன் பாரு" என்று சொல்லிவிடாமல், போய்ச் சேர்ந்த பிறகு சொல்வதே பாதுகாப்பு. இன்னொரு அறிகுறியை லேசாக எடுக்கவே கூடாது. கழுத்தை நெரிப்பது. வெளியே தடம்கூட இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு முறை கழுத்தில் கை வைத்தவன் பின்னாளில் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "விளையாட்டுக்குப் பிடிச்சேன்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர்கள் பற்றியும் பேச வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது 38.1 சதவீதம். அதைவிட என்னை உறுத்துவது இன்னொரு எண். உடல், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, சொல்லவுமில்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் முதலில் போனது தாய்வீட்டுக்கு. அதாவது இந்தச் சட்டத்தின் முதல் அலுவலர் நடைமுறையில் அம்மாவோ அண்ணனோதான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அவர்கள் சொல்லி அனுப்பினால், அந்தப் பெண் அடுத்த கதவைத் தட்டப் பல வருடம் ஆகும்.

"ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. "இன்னிக்கு ராத்திரி பயமா இருக்கா?" என்பது நல்ல கேள்வி. பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதுமில்லை. 4ஆம் பிரிவுப்படி, வன்முறை நடக்கிறது அல்லது நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாமே முந்திக்கொண்டால், கதவு மூடிய பிறகு அடி அவளுக்குத்தான் விழும்.

ஆண்கள் பாதிக்கப்படுவதில்லையா என்று இந்தப் பேச்சில் கட்டாயம் ஒருவர் கேட்பார். படுகிறார்கள். இந்தச் சட்டத்தில் அவர்கள் மனு போட முடியாது. அடி, மிரட்டலுக்குப் பொதுவான குற்றப் பிரிவுகளும், வயதான தந்தை என்றால் 2007 சட்டமும், முதியோர் உதவி எண் 14567ம் இருக்கின்றன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அந்த அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அறுபது நாளில் ஒன்றும் முடியவில்லை, இடைக்கால உத்தரவே நான்காவது வாய்தாவில்தான் வந்தது. வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, வேலைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்று இரண்டு வரி. அதை லேமினேட் செய்து ஒரு காப்பியைத் தன் கைப்பையிலும், இன்னொன்றைப் பக்கத்து வீட்டிலும் வைத்திருக்கிறார். சம்பளம் இப்போது புதுக் கணக்கில் விழுகிறது. அந்த ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.